தேசப்பன் ஆர்ட்ஸ்

திருவொற்றியூர் குப்பத்துக்கு வந்து, மலை செய்கிற தேசப்பன் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மீன் பிடிக்கிற குப்பத்தில் மலைக்கு என்ன வேலை என்று இப்போது யாரும் கேட்பதில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆனால் மலையைச் செய்வது தேசப்பன் இல்லை, அவன் தங்கை குணசுந்தரி என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? கட்டின புருஷன் காசிமேட்டில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அண்ணன் வீட்டு மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருக்கிற பொம்பளைக்காக எவன் வாயைத் திறப்பான்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பதெல்லாம் சும்மா. திறக்க வேண்டிய நேரத்தில் ஊர் வாய் தானாகவே மூடிக்கொள்ளும்.

தேசப்பனின் சொந்தத் தொழில் பைபர் படகுக்கு ஒட்டுப் போடுவது. கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டு, விரிசலில் பைபர் துணி வைத்து, ரெசின் பூசுவான். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோதுதான் ராயபுரத்து டெரிக் அவனைத் தேடி வந்தார். டெரிக் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். குணத்தில் தங்கம், ஆனால் எதிரே நிற்பவனைத் தவிர வேறு யாரும் அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். அவருக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம் உண்டு.

அந்த விளையாட்டு இதுதான். டாக்டர், ஆடிட்டர், கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர் என்று தலை நரைத்த ஆண்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பாக்கத்தில் ஒரு ஹாலில் கூடுவார்கள். ஆளுக்கொரு பெட்டி நிறையப் பொம்மைச் சிப்பாய்கள். அரைவிரல் உயரப் பொம்மைக்கு மீசை, பொத்தான், பூட்ஸ் கயிறு வரை வர்ணம் அடித்திருப்பார்கள். அவற்றை மேசையில் அணிவகுத்து நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி, ஒருவன் படையை மற்றவன் கொல்வான். சண்டை போட ஒரு பூமி வேண்டும் அல்லவா? மலை, ஆறு, பாலம், இடிந்த வீடு, எரிந்த கிராமம் எல்லாம் மேசை அகலத்துக்கு ஒரு பலகையில் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வழியிலேயே உடைந்து, நிஜமாகவே இடிந்த கிராமமாக வந்து சேர்கிறது. பைபரில் படகு செய்கிறவனுக்கு ஒரு மலை செய்யத் தெரியாதா என்று டெரிக் கேட்டார்.

தேசப்பன் வாயில் முடியாது என்ற சொல் வராது. "இத்தல்லாம் ஒரு மேட்டரா சார்? பண்லாம்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தங்கையைக் கூப்பிட்டான்.

முதல் பலகையைக் குணசுந்தரி மீன் பெட்டியில் செய்தாள். காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் வைத்து மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிகள் உடைந்து குப்பையில் கிடக்கும், அவற்றைப் பொறுக்கி வந்து ஒட்டினாள். ஹாலில் ஏசி போட்டதும் மலையிலிருந்து வஞ்சிர வாசனை கிளம்பியதாம். அதற்குப் பிறகு பெட்டிகளைச் சோடா உப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து எடுத்தாள். பழைய ஹீட்டர் கம்பியைச் சூடாக்கித் தெர்மாகோலை அறுத்தால் பாறை வரும். கரை மணலைச் சலித்தால் பாதை. டீக்கடைச் சக்கையை உலர்த்தித் தூவினால் உழுத நிலம். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிப் பச்சைச் சாயத்தில் முக்கினால் புல். எரிந்த கிராமத்துக்குக் கரிக்காக அவள் எங்கும் அலையவில்லை, துறைமுகத்து நிலக்கரித் தூசி படிகிற மொட்டை மாடியை விளக்குமாற்றால் பெருக்கினால் போதும்.

தேசப்பன் செய்வது ஒரே ஒரு வேலை. தண்ணீர் ஊற்றுவது. ஆறோ கடலோ வர வேண்டிய பள்ளத்தில் படகு ரெசினை ஹார்டனர் கலந்து ஊற்றுவான், அது கண்ணாடி மாதிரி இறுகும். ஆனால் ரெசின் தெர்மாகோலைத் தின்னும். ஒரு சொட்டு பட்டால் போதும், சூடேறி உருக்கிக்கொண்டு உள்ளே போகும். அதனால் பள்ளம் முழுக்கக் குணசுந்தரி முதலில் சாக்பீஸ் பொடி கலந்த பெவிக்கால் பூசுவாள், அதன் மேல் காகிதம் ஒட்டுவாள், மறுபடி பூசுவாள், காய்ந்த பிறகுதான் வர்ணம். படகின் அடியைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தேசப்பன் விரல் முட்டியால் அந்தப் பள்ளத்தைத் தட்டுவான். டொக்கு என்று கெட்டியாகக் கேட்டால் ஊற்றுவான். கிளப் ஆட்களுக்கு இந்த ஊற்றுகிற காட்சி ரொம்பப் பிடித்துப்போனது. அதனால் பலகையைக் காய்ந்த ஆற்றோடு ஹாலுக்குக் கொண்டுபோய், எல்லோரும் சுற்றி நிற்க, கும்பாபிஷேகம் செய்கிற குருக்கள் தோரணையில் தேசப்பன் ஊற்றுவான். கைதட்டுவார்கள். மலையை யாரோ வளர்த்து, தேசப்பன் தண்ணீர் தெளித்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பலகையின் ஓரத்தில் "தேசப்பன் ஆர்ட்ஸ்" என்று இருக்கும். அதை எழுதுவதும் அவள்தான்.

எழுத்து அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர். குப்பத்தில் படகுக்கு வீட்டுப் பெண் பெயரைத்தான் பெரும்பாலும் வைப்பார்கள். மகள், மனைவி, செத்துப்போன தாய். பெயருக்குரியவள் ஒருநாளும் அந்தப் படகில் ஏறப்போவதில்லை, கடலுக்குப் பெண்ணைக் கூட்டிப்போகிற வழக்கம் கிடையாது. பெயர் மட்டும் போய் வரும். அப்பாவின் வர்ண டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன குணசுந்தரி, கை பழகி, கடைசியில் அவருக்குக் கண் மங்கிய காலத்தில் முழுப் பெயரையும் தானே எழுதினாள். ஊரிலிருந்த பெண்கள் பெயரையெல்லாம் எழுதியிருக்கிறாள். அவள் பெயரில் மட்டும் படகு இல்லை. புருஷன் வாங்குவதாகச் சொன்னான், அப்புறம் வாங்கவும் வாங்கினான். அதில் அந்தக் காசிமேட்டுக்காரி பெயர் இருக்கிறது.

ஒரு பலகை முடிந்து, ஓரத்தில் அண்ணன் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். அதிகம் ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணா, இதும் பக்கத்துல சின்னதா எம்பேரும் போட்டுக்கட்டா?"

தேசப்பன் சிரித்தான். "வாயாவெட்டி பேரு போட்டா போர்டு வெளங்குமாமே?"

சோறு கொண்டுவந்த அவன் பெண்டாட்டி வினிதா தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள். "பேரு வோணுமாம் பேரு. ரேசன் கார்டுல உம்பேரு இன்னும் கீதே, அத்த நெனச்சி சந்தோசப்படு."

குணசுந்தரி சோற்றைத் தின்றாள். தின்னாமல் கோபித்துக்கொள்ளக்கூட ஒரு தகுதி வேண்டும், அவளிடம் அது இல்லை. ஆனால் அடுத்த பலகையில், எரிந்த மீனவக் கிராமம் ஒன்றில், கரையேற்றிய குட்டிப் படகுகளில் ஒன்றின் மூக்கில், தூரிகையில் ஒற்றை மயிரை மட்டும் விட்டுவைத்துத் தன் பெயரை எழுதினாள். படகே புளியங்கொட்டை நீளம். வெறும் கண்ணுக்கு அது நீலக் கீறல், அவ்வளவுதான். அண்ணனுக்கும் தெரியவில்லை.

அந்தப் பலகை பெரிது. ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று தேசப்பன் அவளையும் ஹாலுக்குக் கூட்டிப்போனான். மாடிப்படியில் இருவரும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஒரு டாக்டர், "இவங்க யாருப்பா?" என்று கேட்டார். "வேலைக்கு வர்றவங்க சார். தூக்க எடுக்க" என்றான் தேசப்பன். அவன் மேல் முனையைப் பிடித்துப் பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்தான், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

அவள் சுவரோரம் நின்றாள். தன் மலை மேல் சிப்பாய்கள் ஏறுவதை முதல்முறையாகப் பார்த்தாள். ஒருவர் காபிக் கோப்பையை அவள் உழுத நிலத்தில் வைத்தார். டெரிக் பூதக்கண்ணாடியோடு குனிந்து ஒவ்வொரு குடிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், படகுக்கிட்டே நின்றுவிட்டார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கு-ண-சுந்-தரி. இன்னா மேன் இது? இவ்ளோ சின்னதா எழுத யார் கத்துக் குடுத்தாங்க உனக்கு?"

தேசப்பன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நொடிதான். "எங்கப்பா சார். போட்டுக்குப் பேரு எழுதறவரு."

"யாரு மேன் குணசுந்தரி?"

"சும்மா வெச்ச பேரு சார். எங்காளுங்க போட்டுக்குப் பொம்பள பேருதான் வெப்போம்."

மற்றவர்களும் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்து, தேசப்பன் முதுகில் தட்டினார்கள். சுவரோரம் நின்றவளுக்குத் தன் பெயரை ஒரு மனிதர் வாய்விட்டுப் படித்தது சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். டெரிக் அந்தப் பக்கம் நகர்ந்ததும் தேசப்பன் படகைக் கட்டைவிரல் நகத்தால் பெயர்த்தெடுத்தான். சிகரெட்டை அணைக்கிற மாதிரி செருப்புக்கடியில் வைத்துத் தேய்த்துவிட்டு, தங்கையைப் பார்த்து, "பெருக்கிடு" என்றான். அவளும் பெருக்கினாள்.

அன்றைக்கு அவள் மனதில் தைத்த ஊசிதான் பிறகு பலகையில் இறங்கியது.

கிளப்பின் ஆண்டுப் போட்டி வந்தது. பெங்களூரு, கொச்சியிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், பெரிய பலகை வேண்டும், தண்ணீரை எல்லோர் முன்னாலும் ஊற்ற வேண்டும் என்று டெரிக் சொல்லிவிட்டுப் போனார். தேசப்பன் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தான். குணசுந்தரி மாடியில் உட்கார்ந்து அதுவரை செய்யாத அழகில் ஒன்றைச் செய்தாள். முகத்துவாரம், அதன் மேல் இரும்புப் பாலம், துரு வழிகிற தூண்கள், இரண்டு கரையிலும் குப்பம், வலை காய்கிற மணல், கோயில். பாலத்தின் துருவுக்கே பல நாள் உட்கார்ந்தாள். அழிக்கப்போகிற பொருளுக்கு எதற்கு இத்தனை பாடு என்று கேட்டால், நன்றாக இருந்தால்தானே அழியும்போது அவனுக்கு வலிக்கும். இதை அவள் நன்றாக யோசித்துத்தான் செய்தாள், பாவம் என்று அவளுக்காக யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம்.

பள்ளத்தில் பூச வேண்டிய பூச்செல்லாம் பூசினாள். தட்டிப் பார்ப்பான் என்று தெரியும், அதனால் ஒரு பூச்சு கூடவே பூசினாள். பிறகு தையல் ஊசியை எடுத்து, ஆற்றின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நெருக்கி நெருக்கிக் குத்தினாள். பூச்சைத் துளைத்துத் தெர்மாகோல் வரை இறங்கிய ஊசி. அதன் மேல் சேற்று நிறத்தை மெல்லிசாக இழுத்துவிட்டாள், ஒரு துளைகூடத் தெரியவில்லை. ஆறு பூராவும் குத்தி முடித்தபோது விரல் வீங்கியிருந்தது. வினிதா பார்த்து, "இன்னா ஆச்சி?" என்றாள். "வேலதான்" என்றாள் இவள்.

போட்டி நாளில் ஹால் நிறைந்திருந்தது. பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, குணசுந்தரி துடைக்கிற துணியும் பக்கெட்டுமாகச் சுவரோரம் போய் நின்றாள். தேசப்பன் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, முட்டியால் பள்ளத்தைத் தட்டினான். கெட்டியாகக் கேட்டது. பிளாஸ்டிக் மக்கில் இருந்த ரெசினில் ஹார்டனரைக் கலக்கினான். பாலத்துக்கு மேற்கே ஆரம்பித்து, கையை வீசி, நிதானமாக ஊற்றினான். ஆறு நிரம்பியது. விளக்கு வெளிச்சம் பட்டு நிஜத் தண்ணீராக மின்னியது. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் முதல் குமிழி வந்தது.

பிறகு வரிசையாக வந்தன. ஊசி போன வழியெல்லாம் குமிழி. ஆற்றிலிருந்து ஆவி கிளம்பியது, ரெசின் நெடி மூக்கைப் பிய்த்தது. தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, உள்ளே உள்ளே இறங்கியது. கரை பிளந்தது. முதலில் ஒரு குடிசை சாய்ந்து ஆற்றுக்குள் போனது, அடுத்து வலை காய்ந்த மணல், அடுத்து கோயில். பாலம் நடுவில் மடங்கி, முறுகி, தூண்களோடு அமிழ்ந்தது. தேசப்பன் காலி மக்கைக் கையில் பிடித்தபடி நின்றான். காது வரை வெளுத்திருந்தான். குணசுந்தரி பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக விழுவதை ஆசை தீரப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு திருப்தி அவளுக்குக் கிடைத்ததில்லை.

ஆவி மெல்ல அடங்கியது. ஆறு இருந்த இடத்தில் கருகிய பள்ளம், அதற்குள் பாதி மூழ்கிய கூரைகள், கொப்புளம் கொப்புளமாக இறுகிப்போன மஞ்சள் நீர், அதிலிருந்து எட்டிப் பார்க்கிற இரும்பு. டெரிக் குனிந்து பார்த்தார். சுற்றிப் போய் மறுபக்கமும் பார்த்தார். அப்புறம் தலையை நிமிர்த்தினார்.

"மை காட். இன்னா மேன் பண்ணிகிற? செத்த ஆறு மாரியே கீது."

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். முதலில் தட்டியதை விடப் பெரிதாக. கைபேசிகள் நீண்டன. பெங்களூருக்காரர் ஒருவர் மேசை மேல் ஏறிப் படமெடுத்தார். குண்டு விழுந்த ஊர் என்று எத்தனையோ பார்த்திருக்கிறோம், கண்ணெதிரே சாகிற ஊரை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அவர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். குணசுந்தரி குரங்கு பிடிக்கத்தான் போனாள், அது அண்ணனுக்குப் பிள்ளையாராகிவிட்டது.

தேசப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. மக்கைக் கீழே வைத்தான்.

"புது டெக்னிக் சார். ரொம்ப நாளா டிரை பண்ணிகினு இர்ந்தேன்."

அப்படிச் சொல்லிக்கொண்டே குனிந்து, ஓரத்தில் உருகாமல் தப்பிய பூச்சைப் பார்த்தான். அதில் வரிசையாக ஊசித் துளைகள். பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு மேலாகச் சுவர்ப் பக்கம் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. தெரியட்டும் என்றுதான் நின்றாள்.

"இதுக்கு ஒரு பேரு வைக்கணும் மேன்" என்றார் டெரிக்.

"வெச்சிட்டேன் சார். எங்க பக்கம் வூட்டுப் பொம்பள பேருதான வெப்போம். இதுக்கு எந்தங்கச்சி பேரு. குணசுந்தரி."

"ஓ, அன்னிக்கு அந்த போட்டுல இருந்த பேரு! உனக்குத் தங்கச்சி இருக்கா? சொல்லவே இல்லயே மேன்."

"கீது சார். வூட்டுல கீது."

அவள் பக்கெட்டோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். டெரிக் அவளைத் தாண்டிப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். குணசுந்தரி என்பது வெளியூர்க்காரர்களுக்கு வாயில் நுழையாததால் மாலைக்குள் அது சுந்தரி ஆகிவிட்டது. எனக்கு ஒரு சுந்தரி, எங்கள் கிளப்புக்கு ஒரு சுந்தரி என்று கேட்டார்கள். சுந்தரியில் கால் வைக்கிற சிப்பாய் உடனே செத்தான் என்று விதியும் போட்டார்கள். ஆட்டம் முழுக்கச் சுந்தரி, சுந்தரி என்று கத்திச் சிரித்துக்கொண்டு, செத்த சிப்பாய்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார்கள்.

திரும்பி வரும்போது குட்டியானை வண்டியின் பின்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மணலிக்குப் போகிற டேங்கர் லாரிகள் உரசிக்கொண்டு போயின. அடிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. அடி வாங்கினால் ஜெயித்த மாதிரியாவது இருந்திருக்கும்.

"ஊசிதான?" என்றான் தேசப்பன்.

அவள் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எந்த ஊசி? தைக்கறதா, கோணியா?"

"தைக்கறது."

"நல்லா வந்துகீது. இனிமே எல்லாம் அதே ஊசி."

"நான் பண்ண மாட்டேன்."

அவன் கோபப்படவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அவளைப் பிரியமாகவே பார்த்தான். "இன்னாமே பேசற? நீதான பேரு கேட்ட. குட்த்துட்டன்ல. இனிமே போர்டுல நல்லா பெருசா போடு."

மறுநாள் வினிதா மாடிக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தட்டில் வழக்கத்துக்கு மாறாக ஒரு துண்டு மீனும் இருந்தது. தட்டின் ஓரத்தில் கடையிலிருந்து வாங்கிய புது ஊசிப் பாக்கெட் இருந்தது. குணசுந்தரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் சாப்பிட்டாள்.

பெங்களூருக்குப் போகிற முதல் சுந்தரியை அவள் அந்த மாதமே முடித்தாள். குடிசைகளையும் கோயிலையும் பாலத்தையும் பழையபடி ஒழுங்காகச் செய்தாள், ஒழுங்காக இருந்தால்தான் விழும்போது அழகாக விழும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். பூசினாள், காயவைத்தாள், குத்தினாள். அண்ணன் மாடிக்கே வந்து ஊற்றினான். எல்லாம் விழுந்து, ஆவி அடங்கி, இறுகியதும் அவள் தூரிகையை எடுத்தாள். முன் விளிம்பில், அப்பா எழுதுகிற மாதிரியே "கு"வின் வாலை நன்றாகச் சுழித்து, கடலில் போகிற படகுக்கு எழுதுகிற அளவில், நீலத்தில் "குணசுந்தரி" என்று எழுதினாள். அதற்குக் கீழே, வழக்கம்போல, "தேசப்பன் ஆர்ட்ஸ்" என்று எழுதினாள்.